புயலுக்குப் பாவம் உண்டோ?

வங்கக் கடலின் மேற்பரப்பு நீர் 26 பாகைக்கு மேல் வெப்பமுறுங்கால் ஆவி மிகுதியாக மேலெழுகின்றது. அது உயரத்தே குளிர்ந்து மேகமாகுகையில் உள்ளடங்கிய வெப்பத்தை வெளிவிட, காற்று மேலும் இலேசாகி எழுகின்றது. கீழே அழுத்தம் குன்றுகின்றது. நாற்றிசைக் காற்றும் அவ்விடம் நோக்கி விரைகின்றது. புவியின் சுழற்சி அதனைச் சுழலச் செய்கின்றது. 2023 டிசம்பர் 3ஆம் நாள் புயலாக வலுப்பெற்ற மிக்ஜாம், சென்னை, திருவள்ளூர்க் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்து, 5ஆம் நாள் ஆந்திரத்துப் பாபட்லா அருகே கரை கடந்தது. அம்மெதுவான நடையே நம் பகுதிக்குக் கேடாயிற்று. 2016 டிசம்பர் 12இல் வந்த வர்தாவோ காற்றினால் அழித்தது. ஆயிரமாயிரம் மரங்கள் ஒரே நாளில் வீழ்ந்தன. மரத்தை ஓரறிவுயிர் எனக் கொள்ளும் நமக்கு அஃது சிறு கணக்கன்று.

இவ்வுயிர்க்கேட்டின் பாவம் யாரைச் சாரும்? தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் உயிர் வருந்துவது மட்டுமன்று, அது பிரமாதத்தால் நிகழ்வதும் வேண்டும். காற்றோ வாயுகாயிக உயிர்களின் உடல். அவற்றிற்கும் வினைக்கட்டு உண்டெனினும், ஊரை அழிக்க எண்ணும் மனம் அவற்றிற்கில்லை.

ஆனால் அவ்வெள்ளத்திலேயே மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்ததே! கூழைக்கடாக்களின் சிறகெல்லாம் எண்ணெய் படிந்தது. மீனவர் வலையும் படகும் பாழாயின. அங்குப் புயல் வெறும் நிமித்தம், பிரமாதம் மனிதருடையது. மீன்பிடித்தல் நமக்கு உடன்பாடான தொழிலன்று. எனினும் பசித்தவனின் தொழிலை விசாரித்த பின்னரே ஆகாரதானம் செய்க என்று நம் ஆசாரியர் எவரும் விதிக்கவில்லை.

ஆர்.கே.பேட்டையில் உள்ளோர், கடல் நெடுந்தொலைவு என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயின் மின்சாரம் நின்றால் விசைத்தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளிக்குக் கூலியில்லை. 2021 நவம்பரில் அம்மப்பள்ளி அணை நீர் திறக்கப்பட்டபோது பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கின. அந்நீரே கொசஸ்தலையாறாய்ப் பூண்டியைக் கடந்து எண்ணூரில் கடல் சேர்கின்றது. இங்கு ஏரிவாய்க்காலைத் தூர்த்து மனை கட்டுபவனும் எண்ணூர்க்காரனும் ஒரே ஆற்றின் அண்டை வீட்டார்.

"அவரவர் வினை, அவரவர் நுகர்கின்றனர்" என்று சிலர் கூறக் கேட்கின்றோம். வினைக்கொள்கையை இவ்வாறு பிறர்மேல் எறிவது தகாது. அவர் துன்பம் அவருடைய பழவினையின் பயனாகுக. அதைக் கண்டும் கைகட்டி நிற்பது நமது புதுவினையன்றோ? 2023 வெள்ளத்தின்போது சென்னையில் பால் உறை பன்மடங்கு விலைக்கு விற்றது. நம்மவருள் வணிகர் பலர். பரிக்கிரகத்திற்கு அளவு வகுத்துக்கொண்ட இல்லறத்தான், அத்தகைய நாளில் தன் கடையில் என்ன விலை சொல்கின்றான் என்பதிலேயே அவ்விரதம் உயிரோடிருக்கிறதா என்று தெரியும். பருயூஷணத்தில் உண்ணாதிருப்பது இதனினும் எளிது.