மேட்டிலிருந்து இறங்கும் நீர்

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தே மஞ்சட் பொட்டுகள் தோன்றின. இலங்கைக் கோப்பியின் முடிவு அங்கேதான் ஆரம்பமாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சணமொன்று காற்றிலேறித் தோட்டத்துக்குத் தோட்டம் தாவியது. எல்லைக் கற்களையும் உறுதிப் பத்திரங்களையும் அது மதிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பெருந்தொழிலே அழிந்தது. அந்த நோயை ஆராய்வதற்கென்று மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880 இல் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். ஈராண்டுக் காலம் இங்கே தங்கி, அது எங்கே பிறக்கிறது, எவ்வாறு பரவுகிறது என்பதையெல்லாம் இலை இலையாகப் பார்த்து எழுதினார். கோப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் அவர் செய்த வேலை அறிவுலகிலே மதிப்புப் பெற்றது. அந்த மதிப்பு நியாயமானதுமாகும்.

ஓர் இலையின் நோய்க்கு இவ்வளவு அக்கறை காட்டியது குற்றமன்று. அதே மலைகளிலே, அதே காலத்திலே, வயிற்றோட்டத்தாலும் பேதியாலும் விழுந்து மடிந்த மனிதர்களுக்கு அந்த அக்கறையில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்பதே நம் கேள்வி. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டங்கள் 1872 முதல் வந்தவண்ணம் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் நோயாளியைப் பார்த்தன. நோய் பிறக்கும் இடத்தைப் பார்த்தது குறைவு. அந்த இடம் லயத்தின் முன்னால் ஓடும் கான். கானுக்குக் கீழே இருக்கும் பீலி.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. 2015 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சபை நிலையான அபிவிருத்திக்கென 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டது. ஆறாவது இலக்கு நீரையும் சுகாதாரத்தையும் பற்றியது. 2030 ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் போதியதும் ஒப்புரவானதுமான மலசலகூட வசதி வேண்டும் என்று அதன் ஒரு பிரிவு கூறுகின்றது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரின் விகிதத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு கூறுகின்றது. இலங்கை 2017 இல் இதற்கென 19 ஆம் இலக்கச் சட்டத்தையே இயற்றியது. பதுளையிலோ கொழும்பிலோ இவ்விலக்குகளைப் பற்றிக் கூட்டம் நடக்கும்போது நகரத்து வடிகால், குழாய், சுத்திகரிப்பு நிலையம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. நகரத்துக்கு அவை வேண்டியவைதாம். எனினும் 'பாதி' என்ற சொல்லிலே நான் நின்றுவிடுகிறேன். எந்தப் பாதி?

விகிதம் என்பது ஒரு நாட்டின் மொத்த நீரைக் கணக்கிடுவது. பெருநகரங்கள் சிலவற்றுக்குச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டி முடித்தால் கணக்கு வெகுவாக முன்னேறிவிடும். ஏனெனில் நீர் மிகுதியாகச் செலவாகும் இடம் நகரம். குழாய் போடுவதற்கு வசதியான இடமும் அதுவே. மடுல்சீமை மலைகளின் லயங்களிலிருந்து வெளியேறும் நீர் அந்தக் கணக்கில் ஒரு துளி. அதைத் தொடாமலே பாதியை எட்டிவிடலாம். எட்டிவிட்டோம் என்று அறிக்கையும் சமர்ப்பிக்கலாம். அறிக்கையில் பொய் இருக்காது. ஆனால் 'எல்லோருக்கும்' என்று சொன்ன அதே ஏட்டில் 'பாதி' என்றும் இருப்பதால், எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்வி பொறியியலாளரின் கையை விட்டு நம் கைக்கு வந்து சேர்கிறது. எளிதான இடத்திலிருந்து ஆரம்பிப்பதா? மிகவும் தாழ்த்தப்பட்டவரிடமிருந்து ஆரம்பிப்பதா? இது அறம் பற்றிய கேள்வி. புள்ளிவிவரம் இதற்கு விடை தராது.

வரலாறு ஒரு விடையைத் தந்திருக்கிறது, அது உவப்பானதல்ல. 1858 கோடைகாலத்தில் இலண்டன் மாநகரின் மலமெல்லாம் தேம்ஸ் நதியிலே தேங்கி நாறியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர், சோஹோப் பகுதியின் ஒரு குழாய்க்கிணற்று நீரே வாந்திபேதியைப் பரப்பியதென எடுத்துக்காட்டியிருந்தார். ஏழைகள் செத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் விவாதம் நடந்தது. நாற்றம் நதிக்கரையிலிருந்த பாராளுமன்றத்தின் யன்னல்களுக்குள் புகுந்ததும் சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது. பாசல்ஜெற் என்ற பொறியியலாளர் நிலத்தடி வடிகால்களைக் கட்டத் தொடங்கினார். ஆளும் வர்க்கத்தின் மூக்குக்கு எட்டிய பின்னரே மக்களின் சுகாதாரம் அரச காரியமாகிறது. தொழிலாளர் குடியிருப்புகளில் பிறக்கும் கொள்ளைநோய் முதலாளிகளின் வீடுகளையும் விட்டுவைப்பதில்லை, அதனால்தான் அவர்களுக்குத் திடீரென்று கருணை பிறக்கிறது என்று எங்கெல்ஸ் 1872 இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டியது இதைத்தான்.

ஆனால் இலண்டன் சமதரை. நமது இடம் மலை. இங்கே அந்த விதிகூடச் செல்லுபடியாவதில்லை. துரையின் பங்களா மேட்டிலே இருந்தது. லயங்கள் பள்ளத்திலே இருந்தன. அழுக்கு நீர் மேல்நோக்கி ஓடாது. லயத்துக் கானின் நாற்றம் பங்களாவின் ரோஜாத் தோட்டத்தை ஒருபோதும் எட்டியதில்லை. பூகோளமே சுரண்டலுக்குத் துணை நின்ற இடம் இது எனலாம். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. பங்களாவில் இருப்பவர் மாறினார். மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவுமே இருக்கின்றன.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நலம். தோட்டத்தில் வடிகால் அறிவுக்குப் பஞ்சமில்லை. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே எத்தனை முழத்துக்கு ஒரு கான் வெட்டுவது, எவ்வளவு வாட்டம் விடுவது, மண் கரைந்து போகாமல் எங்கே தடுப்பது என்பதெல்லாம் நூற்றாண்டுக்கு மேலாகப் பழகிய தொழில். கான் வெட்டு என்பது தோட்டத்தில் ஆளுக்கு இவ்வளவென்று அளந்து கொடுக்கும் வேலை. பகலெல்லாம் தேயிலைச் செடியின் காலடியில் ஒரு துளி நீரும் தேங்காதபடி கான் வெட்டிய மனிதன், மாலையில் தன் காம்பிராவுக்குத் திரும்பும்போது இஸ்தோப்பின் முன்னால் நிரம்பி வழியும் கானைத் தாண்டித்தான் உள்ளே போகிறான். வெட்டத் தெரிந்த கையும் மண்வெட்டியும் ஒன்றே. செடிக்கு வெட்டினால் கூலி உண்டு, பிள்ளைக்கு வெட்டினால் இல்லை என்பதே வேறுபாடு.

கொக்கிப்புழுவின் கதையும் இதையே சொல்கின்றது. 1916 இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியம் இலங்கைத் தோட்டங்களில் அந்தப் புழுவை ஒழிக்கும் இயக்கத்தை ஆரம்பித்தது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோல் வழியே ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. மருந்து பெருமளவில் கொடுக்கப்பட்டது. மருந்து புழுவைக் கொன்றது. மலசலகூடம் கட்டுவதோ தோட்டத்துக்குச் செலவு. பலர் அதைத் தட்டிக் கழித்தனர். ஆகவே மருந்து குடித்தவன் அதே மண்ணில் மீண்டும் நடந்தான். புழு மீண்டும் ஏறியது. தொழிலாளிக்குச் சுத்தம் தெரியாது என்ற முடிவுக்கு வருவது துரைமாருக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அந்த முடிவு இன்னும் நம்மிடையே வாழ்கிறது. நான் என்னையே சாட்சியாக வைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பாடசாலையில் சுகாதாரப் பாடம் நடத்தினேன். கொதித்தாறிய நீரையே பருக வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி, யார் யார் வீட்டில் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன். பாதிக் கைகள் எழுந்தன. எழாத கைகளைக் கண்டித்தேன். பின் வாங்கிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "சேர், அம்மா விடிய மலைக்குப் போயிருது. தண்ணி சுட வைக்க வெறகுக்கு யாரு போறது? மேல் லயத்துக் கான நம்ம பீலிப் பக்கம் விடாம இருந்தா சுட வைக்கவே வேணாமே" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளை இருக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு விளங்கப் பல காலம் சென்றது. மேலிருப்பவர் செய்யவேண்டிய ஒரு வேலையைச் செய்யாமல் விட, அதன் சுமை கீழே கீழே இறங்கி, இறுதியில் விறகு பொறுக்கும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வந்து நிற்கிறது. அவள் தவறினால் அதற்குப் பெயர் 'பழக்கக் கேடு'.

ஆனால் மேல் லயத்துக்காரர் குற்றவாளிகளா? அவர்களுடைய கான் எங்கே போகவேண்டும் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் மேலே இன்னொரு லயம். இந்தச் சங்கிலி தோட்டத்தோடு முடிவதுமில்லை. பதுளை நகரைக் கடக்கும் பதுளு ஓயா துன்ஹிந்தையில் வீழ்ந்து மகாவலியைச் சேர்கிறது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் தோன்றும் கல் ஓயா, இங்கினியாகலையின் பெருங்குளத்தில் தேங்கி, அம்பாறை வயல்களுக்குப் பாய்கின்றது. எங்கள் மலையின் அழுக்கு கீழ்நாட்டு உழவனின் நீராகிறது. அவன் சிங்களவனா, தமிழனா, முஸ்லிமா என்று நீர் பார்ப்பதில்லை. அநீதிக்கு ஆளானவனே அறியாமல் இன்னொருவனுக்குத் தீங்கு செய்பவனாகும் நிலை இது. பொறுப்பு என்பது மாற்றும் சக்தியின் அளவுக்கு ஏறவேண்டும் என்றே நான் கருதுகிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் நிலவுரிமையின்றி வாழ்பவனுடைய பொறுப்பும், தன் சாப்பாட்டுக் கடையின் எண்ணெய்க் கழிவைத் தெருக்கானில் கொட்டும் நகரத்து வர்த்தகருடைய பொறுப்பும் ஒன்றல்ல. பின்னவருக்கு வேறு வழி உண்டு. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மாற்றும் சக்தி உடையது அரசு என்போம். அங்கும் ஒரு வேலி இருந்தது. பிரதேச சபைகளை அமைத்த 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக விளங்கிவந்தது. சபைக்கு வாக்களிக்கும் மனிதனின் வாசலில் சபை ஒரு கானைக் கட்டமுடியாது. 1948 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். நீண்ட போராட்டத்தின் பின் அது திரும்பிவந்தபோது கான் மட்டும் வெளியே நின்றது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் கம்பனியின் கையிலிருக்கும் நிலத்தில் சபை எதைச் செய்வதென்றாலும் இரண்டு காரியாலயங்களின் மனம் ஒன்றுபடவேண்டும்.

நீர் வழிய வேண்டிய வழியில் வழியாதபோது என்ன நடக்கும் என்பதை ஊவா மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மீது மலையே இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் பதுளை மாவட்டத்தில் மீண்டும் அதே துயரத்தைப் பரப்பியது. பெருமழைதான் காரணம் என்பார்கள். மழை உண்மைதான். ஆனால் சரிவிலே ஊறி இறங்கும் நீர் மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. ஊறாமல் அதைக் கடத்திவிடுவதே கானின் வேலை. இதனால்தான் ஒரே மருந்து எல்லா இடத்துக்கும் ஆகாது. தரையிலே வீட்டு நீரைக் குழிவெட்டி உறிஞ்சவிடலாம். சரிவில் அதே குழி ஆபத்து. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் மலசலகூடக் குழி அயல் கிணற்றைக் கெடுக்கிறது. மலையில் அது கீழ் லயத்துப் பீலியைக் கெடுக்கிறது. குழி நிறைந்தால் அதை உறிஞ்சும் பவுசர் தோட்டத்துப் பாதையில் ஏறுவதும் இலகுவன்று. கற்பதித்த கான், மண் தங்கும் தொட்டி, எண்ணெய் பிரிக்கும் தொட்டி, உறுதியான இடத்தில் நாணற் பாத்தி: இவை பெரிய விஞ்ஞானமல்ல. சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு, கானுக்கு இல்லை என்பதும் ஒருவேளை ஒரு காரணமாயிருக்கலாம்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கலாகாது. தோட்டத்தில் 'வாசக்கூட்டி' வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? கண்டி மகியாவையைப் போன்ற இடங்களில், நகரைச் சுத்தம் செய்வதற்கென்றே கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் ஏன் இன்னும் அதே பெயரால் ஒதுக்கப்படுகிறார்கள்? துரைத்தனத்தைச் சாடும் நம்மில் பலர், கானுக்குள் இறங்குவது ஒரு சாதியின் கடமை என்று சொல்லாமலே நம்புகிறோம். தொழிற்சங்க மேடைகளில் சம்பளம் பேசப்படுகிறது, பேசப்படத்தான் வேண்டும். கான் பேசப்படுவது அரிது.

பின்னாளில் வேறொரு பாடசாலையில், கொதித்தாறிய நீரைப் பற்றிய அந்தப் பாடத்தை நான் வேறுவிதமாக நடத்தினேன். பாடசாலைக் குழாயடியிலிருந்து கான் வழியே பிள்ளைகளைக் கீழே அனுப்பி, அது எங்கே போகிறதென்று வரையச் சொன்னேன். இரண்டு லயங்களையும் ஒரு மாட்டுக்கொட்டிலையும் கடந்து, அது ஒரு பீலிக்குப் பத்தடி மேலே மண்ணுக்குள் மறைந்தது. வரைபடத்தின் பிரதிகளைத் தோட்டக் காரியாலயத்திலும் சபையிலும் கொடுத்தோம். மேற்பாதி தங்களுடையது, கீழ்ப்பாதி சபையின் பாதையோரம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். மற்ற இடத்தில் அதையே திருப்பிச் சொன்னார்கள். திரும்பி வந்து படத்தைப் பார்த்தேன். எல்லைக் கோட்டைப் பிள்ளைகள் வரையவே இல்லை. கான் போகும் வழியையும், பீலியடியில் குடத்தோடு நிற்கும் ஒருத்தியையும் வரைந்திருந்தார்கள்.