தட்டாத கதவு

சென்ற தை மாதம் ஹவுகெட்டோவில், எமது வீட்டு வாகனத்தின் ஹீட்டர் நடு இரவில் நின்றுபோனது. பற்றரியில் பிழையில்லை. காஸ்தான். தெற்கிலிருந்து கொண்டுவந்த கலவைக் காஸில் புரோப்பேன் முதலில் ஆவியாகித் தீர, பியூட்டேன் எஞ்சியிருந்தது, மறை 0.5 பாகைக்குக் கீழே அது வெறும் திரவம். புரோப்பேனோ மறை 42 வரை தாங்கும். சிலிண்டரில் கனமிருந்தும் சூடில்லை.

எதிர்வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. தட்டலாமா? ஊரில் சிரட்டையோடு அயலுக்கு நெருப்பெடுக்கப் போன பிள்ளைகள்தான் நாங்கள். இங்கே கேட்பது தொந்தரவா, கேளாதிருப்பது அவர்களை நம்பாத அவமதிப்பா? அகதியாய்க் கேட்டுக் கேட்டே கூசிப்போனோமோ என்னவோ! பிள்ளை இருமியது. தட்டினோம்.

திறந்த மூதாட்டி, யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாவாம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றா.

பார்த்தவர் ஏன் வரவில்லையென்று நாங்களும் கேட்கவில்லை.