ஆறு நாழி நெல்

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கோயில் கல்வெட்டில் ஒரு படிக்கணக்கு இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கே நடந்த வேதக் கல்லூரியில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளைய மாணவர் 270 பேர். தலைக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். படிக்க வந்த பிள்ளையின் வயிற்றுக்கும் வழி பார்த்த அந்த மனத்தைக் கும்பிடலாம். ஆனால் வேதம் ஓதும் உரிமையைப் பிறப்பு தீர்மானித்த காலம் அது. அந்த நெல்லை விளைவித்தவனின் பிள்ளைக்கு வாசல் திறக்கவில்லை.

ஊர்ப்பிள்ளைகளுக்குப் பின்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. விஜயதசமியன்று மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து வாத்தியார் ‘அ’ எழுதவைப்பார். மணலில் கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியில் மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். தப்பினால் பிரம்படி, குறும்பு மிஞ்சினால் கோதண்டம், அதாவது கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும். பின்னக்கணக்கை மனத்திலேயே போட்ட பையன்களைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அந்தக் கயிற்றையும் நினைக்க வேண்டும்.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அவர்களில் பெண்கள் 4,540 பேர்தான்.

அந்தக் கணக்குக்கு வெளியேயும் படிப்பு இருந்தது. அப்போது தென்னார்க்காட்டில் இருந்த கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடிக் குழந்தைக்குக் காடுதான் பள்ளி. எந்தக் கிழங்கு கசக்கும், சாமையை எப்போது அறுக்கலாம், கடுக்காய் எப்போது முற்றும் என்பதெல்லாம் அம்மாவின் பின்னால் நடந்தே கற்ற பாடம். அதைப் படிப்பு என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. எழுத்தும் அவர்களை எட்டவில்லை. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் என்னும் நிலவுடைமையாளர்கள் கையில் இருந்தது. அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த தகப்பன், பிள்ளையை எதைக் கொண்டு படிக்க அனுப்புவான்?

இன்று மலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. எண்ணாயிரத்தில் அளந்ததைப்போல அங்கேயும் பிள்ளைகளுக்குச் சோறு உண்டு, புத்தகம் உண்டு. தட்டோடு வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளையை ஒருநாள் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, பாட்டி தோண்டிய கிழங்கின் பெயரைச் சொல்லச் சொல்ல வேண்டும். வாத்தியார் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.