பிறர் ருசியைத் துறக்கலாமா?

சித்திரை வெயிலில் நடந்து வந்து திண்ணையில் அமரும் ஒருவருடைய தாகத்தைத் தணிக்க ஒரு செம்புத் தண்ணீரே போதுமாயிருக்க, அதில் தேயிலையின் சாரத்தை இறக்கி, இஞ்சியும் எலுமிச்சையும் புதினாவும் சேர்த்து, இனிப்பூட்டி, ஐஸ் இட்டுக் கொடுக்கவேண்டிய அவசியம் என்ன என்று யாரேனும் கேட்பாரானால், அதைச் சமையலறைச் சங்கதி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. தேவைக்கு மேற்பட்ட ருசி ஆசையின் பாற்பட்டதா, அன்பின் பாற்பட்டதா என்பது நம் நாட்டுப் பெரியோர் வெகு காலமாக விசாரித்து வந்த விஷயம்.

ருசியை விலக்குவோர் கட்சி எளிதில் தள்ளத்தக்கதன்று. 1930-ஆம் ஆண்டில் எரவாடா சிறையிலிருந்து தம் ஆசிரமவாசிகளுக்கு வாரந்தோறும் எழுதிய கடிதங்களில் விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கிய காந்தியடிகள், உணவை மருந்துபோல் அளவறிந்து உட்கொள்ள வேண்டும் என்றும், நாவின் இன்பத்துக்காகவே ஒன்றைச் சேர்ப்பது விரதத்துக்கு ஊனம் என்றும் சொல்லி, ருசியை நாடாமை என்னும் அஸ்வாதத்தைச் சத்தியத்தோடும் அகிம்சையோடும் ஒரே வரிசையில் வைத்தார். தேநீரும் அவருக்கு உடன்பாடான பானமன்று. அவருடைய வாதத்தில் நான் பழுது காணவில்லை. நாவை அடக்காதவன் மற்ற இந்திரியங்களை அடக்கப் புறப்படுவது வீண் முயற்சி என்பதை அநுபவம் யாருக்கும் கற்பித்துவிடும். ஆயினும் விரதம் என்பது ஒருவன் தன் நாவின்மேல் தானே மனமுவந்து ஏற்றுக்கொள்வது. அதையே என் வீட்டுக்கு வந்தவருடைய நாவின்மேல், அவரைக் கேளாமலே, நான் ஏற்றிவைப்பேனானால் அது விரதமாகாது. கஞ்சத்தனத்துக்கு விரதத்தின் பெயரைச் சூட்டியதாகவே முடியும்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநயத்தின் மகாவக்கம் என்ற பகுதியில் இதற்குப் பொருத்தமான வரலாறு ஒன்று இருக்கிறது. ஆபணம் என்னும் ஊருக்குப் புத்தபகவான் எழுந்தருளியபோது, அவ்வூரில் வசித்த கேணியர் என்ற சடாதாரி, பொழுது கடந்த வேளையில் துறவிக்கு எதைக் கொண்டுபோவது என்று யோசித்து, பானங்களைத் தயாரித்து எடுத்துச் சென்றார். பிக்ஷுக்கள் ஏற்கலாமோ கூடாதோ என்று தயங்க, பகவான் ஏற்றுக்கொள்ளச் சொன்னதோடு, மா, நாவல், வாழை, திராட்சை முதலியவற்றின் எட்டுவகைப் பானங்களையும் அனுமதித்தார். சமைத்த கீரையின் சாறு நீங்கலாக இலைச்சாறுகளையும் அனுமதித்தார். இலங்கை விகாரைகளில் இன்றும் மாலை வேளையில் பிக்ஷுக்களுக்குப் பால் சேராத தேநீரைக் கொடுப்பதுண்டு. நண்பகலுக்குப் பின் உணவையே விட்டவர்கள் அவர்கள். கொண்டுவந்தவரைப் பார்த்து, வெறுந் தண்ணீர் போதும், எடுத்துப் போ என்று சொல்லும்படி அவர்களுக்கு உபதேசிக்கப்படவில்லை. வாங்குகிறவருடைய அடக்கமும் கொடுக்கிறவருடைய தாராளமும் ஒரே கிண்ணத்தில் இடங்கொள்ளக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு காட்டுவது?

அந்தத் தாராளம் எப்படி உருக்கொள்கிறது என்று காண விரும்புவோர் அடுப்பங்கரைக்குத்தான் வரவேண்டும். கொதித்த நீரை இறக்கிவைத்து, லிட்டருக்கு 4 சிறு கரண்டி தேயிலையைப் போட்டு மூடி, 4 நிமிஷத்துக்குள் வடித்துவிட வேண்டும். மறந்துபோனால் துவர்ப்பு ஏறிவிடும், பிறகு எவ்வளவு இனிப்பைக் கொட்டினாலும் அது நாவை விட்டு அகலாது. ஐஸ் கரைந்து நீர்த்துப்போகும் என்பதால் சாரம் வழக்கத்தைவிடச் சற்றுத் திடமாகவே இருப்பது நல்லது. இஞ்சியைத் தட்டிக் கொதிநீரிலேயே போடலாம். புதினாவையோ ஆறிய பிறகே இலேசாகக் கசக்கிப் போட வேண்டும், சூடு பட்டால் பசுமை கறுத்து மணமும் கெடும். அவசரப்பட்டுச் சூட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தெளிந்திருந்த தேநீர் கலங்கிப்போவதுண்டு. தேயிலையிலுள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நுண்துகள்களாகத் திரள்வதே அதற்குக் காரணம், சிறிது வெந்நீர் விட்டால் மீண்டும் தெளியும். கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிகையில், கருஞ்சிவப்பாய் நின்ற நீர் புளிப்புப் பட்ட மாத்திரத்தில் வெளுத்துப் பொன்னிறம் கொள்வது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. தாகம் இவற்றில் எதையும் கேட்பதில்லை. இவ்வளவு கவனமும் தாகமுற்று வருகிற மனிதர் பொருட்டே.

இராமநவமியன்று வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து பானகம் செய்து, நீர்மோரோடும் விசிறியோடும் வழங்கும் நம் சம்பிரதாயத்திலும் இந்தக் கருத்தே உறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சர்வேசுவரனுக்குத் தாகம் ஏது? தாகமில்லாதவனுக்கே ருசி பார்த்துப் பார்த்துச் செய்து நிவேதிக்கிறோம் என்றால், தாகமுள்ளவனுக்கு அதைக் குறைத்துக் கொடுக்க நியாயமே இல்லை. ஆந்திர தேசத்து மங்களகிரியில் பக்தர்கள் கொண்டுவரும் பானகத்தில் பாதியை நரசிம்மமூர்த்தி ஏற்றுக்கொண்டு மறுபாதியை அவர்களுக்கே விட்டுவிடுகிறார் என்பது அத்தலத்தின் நம்பிக்கை. சோழ நாட்டுத் திங்களூரில் அப்பூதியடிகள், தாம் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்து நடத்திவந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். வெயிலில் வந்தவர் இன்னார் என்று அப்பந்தலில் விசாரணை இல்லை. அவ்வழி நடந்தவர்களில் ஒருவராக நாவுக்கரசரே ஒருநாள் வந்து நின்றார்.

ஆனால் ருசியைக் கொடுத்துவிட்டு மரியாதையைக் கொடாமல் நிறுத்திவைக்கவும் மனிதன் கற்றிருக்கிறான். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 1950-இல் ஒழித்த பிறகும், தமிழ்நாட்டுக் கிராமத் தேநீர்க் கடைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோருக்கென்று வேறு குவளையை ஒதுக்கிவைத்த இழிவழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அதே பாய்லர், அதே தேயிலை, அதே சர்க்கரை. குவளை மாத்திரம் வேறு. அங்கே விற்றது தேநீரோடு கலந்த அவமானம். வீட்டு வாசலில் எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து வந்து இறக்கிவைப்பவருக்கு, உள்ளே உறவினர் குடிக்கும் கண்ணாடித் தம்ளரை விட்டு, ஓரத்தில் கிடக்கும் பழைய பாத்திரத்தைத் தேடுகிற கை இன்னும் இருக்கிறது. அதே பாவத்தின் மிச்சம் அது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறிய தேநீரில் அது எளிதில் கரையாது, அடியில் தங்கிவிடும். ஆகையால் முன்கூட்டியே சம அளவு நீர் விட்டுப் பாகாகக் காய்ச்சி ஆறவைத்து, தேநீரில் கலக்காமல், தனிக் கிண்ணத்தில் ஒரு சிறு கரண்டியோடு பக்கத்தில் வைத்துவிடுவது உத்தமம். நீரிழிவுக்காரரும் இருப்பார், அஸ்வாத விரதம் பூண்டவரும் இருப்பார், இரண்டு கரண்டி விட்டுக்கொண்டு மூன்றாவதற்குக் கிண்ணத்தைப் பார்க்கும் குழந்தையும் இருக்கும்; அவரவர் அளவை அவரவரே விட்டுக்கொள்ளட்டும்.