கேட்காமல் கலந்த மருந்து

1908 செப்டம்பரில், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் குடிநீரில் டாக்டர் ஜான் லீல் குளோரின் கலக்க ஆரம்பித்தார். ஊராரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் நீதிமன்றம் போனது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மற்ற நகரங்களும் பின்பற்றின, டைபாய்டு சாவுகள் சரிந்தன.

நல்லதற்கென்றாலும் சம்மதமின்றி ஒருவர் உடலுக்குள் ஒன்றைச் செலுத்தலாமா?

1974இல் இந்தக் கேள்வி கூர்மையானது. ராட்டர்டாம் குடிநீரை ஆராய்ந்த யோஹன்னஸ் ரூக், ஆற்றுநீரில் கரைந்திருக்கும் மக்கிய இலைதழைகளின் சாரத்தோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் உண்டாவதைக் கண்டார். இத்தகைய சேர்மங்கள் கலந்த நீரைப் பல்லாண்டு குடித்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடலாம் என்று பின்வந்த ஆய்வுகள் சுட்டின. குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்கள் எனும் இச்சேர்மங்களுக்கு அமெரிக்காவில் இன்றைய உச்சவரம்பு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம்.

குளோரின் தடுக்கும் காலராவோ சில மணி நேரத்தில் கொல்லும். புற்றுநோய் அபாயம் பல வருடம் கழித்து, யாரென்றே தெரியாத ஒருவரைத் தேடி வரும். 1991இல் பெருவில் காலரா கண்டவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஆகவே குளோரினைக் கைவிடுவது அறமாகாது. ஆனால் அந்த இலைதழைச் சாரத்தைக் குளோரின் கலக்கும் முன்பே வடிகட்ட வழியிருந்தும் செலவுக்கு அஞ்சி விட்டுவிடுவதும், சோதனை முடிவுகளை மக்களிடம் மறைப்பதும் அநியாயம்தான். குடிப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு; கேளுங்கள்.