புலி பணிந்ததும் யானை வந்ததும்

அய்யா உண்டு.



மனசுக்கு நிம்மதி இல்லை என்று தாங்கலுக்கு வருகிறவர்கள் பலர். பணிவிடை முடிந்து, திருநாமம் இட்டு, முற்றத்தில் சற்று உட்கார்ந்ததும் முகம் தெளிந்துவிடுகிறது. நிழல் தாங்கல் என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். அய்யா கொல்லம் 1008 மாசி 20-ல் எழுந்தருளியது திருச்செந்தூர்க் கடலில். ஆறு ஆண்டு தவம் இருந்தது பூவண்டன் தோப்பில். அதில் முதல் இரண்டு ஆண்டு குழிக்குள். கடல், தோப்பு, மண், நிழல். மாளிகை எங்கும் இல்லை.

நம் ஓடைப்பட்டிக்கு மேகமலை பக்கத்திலேயே இருக்கிறது. 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு. மேகம் இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு குளிரும். அந்தச் சந்தோஷம் எளிது. மலையிலிருந்து யானை இறங்கி வந்தால் அது எங்கே போகிறது? 2023-ல் பார்த்தோமே.

இடுக்கி சின்னக்கானலில் ரேஷன் கடையையும் வீட்டையும் இடித்து அரிசி தின்ற அரிசிக்கொம்பனை ஏப்ரல் 29-ல் மயக்கி, பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27-ல் அது கம்பம் தெருவில் நின்றது. 144 தடை போட்டார்கள். அடிபட்ட ஒருவர் இறந்தே போனார். ஜூன் 5 அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் பக்கம் பிடித்து, லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்து மேல் கோதையாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அய்யா நடந்த குமரிச் சீமையை ஒட்டிய மலை அது.

சுட்டுத் தள்ளணும் என்று அன்று பலர் பேசினார்கள். பயந்தவன் அப்படித்தான் பேசுவான். இறந்தவர் வீட்டில் போய் யானைக்கு இரங்கச் சொல்லிப் போதிக்கிறவனுக்கும் அன்பு என்னவென்று தெரியாது. ஆனாலும் சின்னக்கானல் பக்கத்து அணையின் பெயர் ஆனையிறங்கல். யானை இறங்கிய இடம் என்று பெயரே சாட்சி சொல்கிறது. இன்று அங்கே அணையும் எஸ்டேட்டும் குடியிருப்பும்.

அகிலத்தில் திருவனந்தபுரம் சிறைப் பகுதியைப் படிக்கும்போது புலி அய்யாவைப் பணிந்த இடத்தில் மெய்சிலிர்க்கிறோம். அந்தப் புலியைக் கூண்டில் அடைத்துப் பட்டினி போட்டது யார்? மனிதன். வெறி அவனிடம் இருந்தது. அய்யா புலியை அடிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. அவருக்குப் பயம் இல்லை, அதனால் பகையும் இல்லை. தர்ம பூமியில் புலியும் பசுவும் ஒரே துறையில் நீர் குடித்த செய்தியையும் அங்கேதான் கேட்கிறோம்.

நமக்கு அந்த நிலை உடனே வராது. திராட்சைப் பந்தலுக்கு வலை கட்டாமல் முடியாது; கடன் வாங்கிப் போட்ட தோட்டம். ஆனால் காலையும் மாலையும் ஒரு சுற்று வந்து, சிக்கிய மைனாவையும் வவ்வாலையும் எடுத்து விடலாம். (கையில் கெட்டித் துணி சுற்றிக்கொள்ளுங்கள், வவ்வால் கடிக்கும்.) வேலியில் நேரடியாகக் கரண்டு விடுவது மட்டும் கூடவே கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ஆடு, கோழி பலியை அய்யா விலக்கினார். இரவில் வேலியில் கருகிக் கிடக்கும் பன்றியும் பலிதான், கேட்பதற்குச் சாமி இல்லாத பலி.

வெயில் காலத்துக்குத் தாங்கல் வெளியே இரண்டு மண் தொட்டியில் தண்ணீர் வைக்கிறோம். காகம், மைனா, அணில் எல்லாம் வருகின்றன. உச்சிப்படிப்பு நேரத்தில் அவற்றின் சத்தமும் சேர்ந்துகொள்ளும். கேட்க நன்றாகவே இருக்கிறது. தினமும் தொட்டி கழுவித் தண்ணீர் மாற்ற முறை போட வேண்டும். விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு பணிவிடை முடிந்ததும் பெயர் கொடுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

அய்யா உண்டு.