அடைக்கலப் பொருளும் அறப்பொறுப்பும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கண்ணகியம்மன் ஆலயங்கள் பல உள. வைகாசித் திங்களில் அவற்றின் திருக்கதவு திறந்து சடங்கு நிகழுங்கால் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. அதனைக் கேட்டு வளர்ந்த எம்மவர்க்கு அக்கதையில் மன்னனின் பிழையே முதன்மையாகத் தோன்றுதல் இயல்பு. ஆயின் சிலப்பதிகாரத்தில் அதனினும் அமைதியான குரலில் உரைக்கப்படும் வேறோர் அறமும் உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கின்றார். கோவலன் கொலையுண்டு மதுரை எரியுண்டபின், அடைக்கலத்தைக் காக்க இயலாதுபோன மாதரி தீயிற் புகுந்தாள்; ஒப்படைத்த கவுந்தியடிகளும் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார்.

கோவலனைக் கொன்றவர் இவ்விருவருமல்லர். எனினும் ஏற்றவளும் தன்னைப் பொறுப்பாளியெனக் கண்டாள். ஒப்படைத்தவரும் தம்மைப் பொறுப்பாளியெனக் கண்டார். ‘தக்காரிடம் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு யாதுமில்லை’ எனக் கவுந்தி ஒதுங்கவில்லை. அவர்கள் உயிர்விட்டதைப்போல் இன்று எவரும் விடவேண்டுமென நாம் கூறவில்லை. ஆயின் அச்செயலின் அடியில் நிற்கும் வினா இன்றும் விடை வேண்டி நிற்கின்றது: பொருளைக் கைமாற்றும்போது பொறுப்பும் கைமாறுகின்றதா? தொழில் நிலையங்கள் தம் கணினிப் பதிவுகளையெல்லாம் தொலைவிலுள்ள பிறர் நிலையங்களுக்கு மாற்றிவரும் இக்காலத்தில் இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமுடைத்து.

நிகழ்வது யாதெனத் தெளிந்துகொள்வோம். படுவான்கரையில் நெல் கொள்வனவு செய்யும் ஆலையொன்றை எண்ணிக்கொள்வோம். எந்த விவசாயி எத்தனை மூடை கொடுத்தார், எவ்வளவு முற்பணம் பெற்றார், மீதி எவ்வளவு என்னும் கணக்குகள் யாவும் அலுவலக அறையிலுள்ள ஒரு கணினியில், பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு மென்பொருளில் இருக்கின்றன. கணினி பழுதடையத் தொடங்குகின்றது. புதிய கணினி வாங்குவதற்கு மாற்றாக, அம்மென்பொருளை அப்படியே ‘மேகம்’ எனப்படும் சேவைக்கு மாற்றலாம் என ஆலோசனை கிடைக்கின்றது. சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள பெரிய தரவு நிலையமொன்றில், பேராற்றல் வாய்ந்த ஒரு கணினி பல பகுதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் தனிக் கணினிபோல் இயங்குமாறு அமைக்கப்படுகின்றது. இதுவே மெய்நிகர்ப் பொறி. ஆலையின் பழைய மென்பொருள் ஒரு வரியும் மாறாமல் அங்கே குடியேறுகின்றது. ஆலையார் இணையத்தின் வழியே அதனைப் பயன்படுத்தி, பயன்பாட்டிற்கேற்ப வாடகை செலுத்துகின்றனர்.

இதனைத் தவறெனக் கூறுதல் தகாது. 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு வீசிய சூறாவளியையும், 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்த ஆழிப்பேரலையையும் அறிந்த இப்பிரதேசத்தார், ஓர் அறையில் ஒரேயொரு பிரதியாகப் பதிவுகளை வைத்திருப்பதன் ஆபத்தை எவரினும் நன்கறிவர். கடற்கரைக்கும் வாவிக்கும் இடையேயுள்ள நிலத்தில் இருக்கும் இரும்புப் பெட்டியை விடத் தொலைவிலுள்ள தரவு நிலையம் பாதுகாப்பானதாதல் கூடும். எனவே மாற்றுதலில் குற்றமில்லை; மாற்றியபின் கொள்ளும் மனநிலையிலேயே குற்றம் பிறக்கின்றது.

அம்மனநிலைக்கு ‘மேகம்’ என்னும் பெயரே ஓரளவு காரணமாகின்றது. வானில் மிதப்பதற்கு வெள்ளமுமில்லை, தீயுமில்லை என எண்ணத் தோன்றுகின்றது. உண்மையில் மேகமென்பது பிறிதோரிடத்துக் கட்டடமே. 2021 மார்ச் 10இல் பிரான்சின் ஸ்திராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையமொன்று தீக்கிரையாயிற்று. காப்புப் பிரதிகளையும் அவ்விடத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் மூலத்தையும் பிரதியையும் ஒருங்கே இழந்தனர். மேலும், மாறாமல் குடியேறும் மென்பொருள் தன் பழைய குறைகளையும் உடன்கொண்டே செல்கின்றது. அச்சு முறிந்த வண்டியைப் படகிலேற்றி மறுகரை சேர்த்தாலும் அச்சு முறிந்தே இருக்கும். பழைய பணிசெயல் முறைமை, யாவரும் அறிந்த கடவுச்சொல், எடுக்கப்படாத காப்புப் பிரதி ஆகியன அங்கும் அவ்வாறே தொடரும். மெய்நிகர்ப் பொறியை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் கட்டடம், மின்சாரம், பௌதிகக் கணினி ஆகியவற்றுக்கே பொறுப்பேற்கின்றன. பொறியினுள் இருக்கும் முறைமையைப் புதுப்பித்தலும் தரவைக் காத்தலும் வாடிக்கையாளர் கடனென அவற்றின் உடன்படிக்கைகள் வெளிப்படையாகவே கூறுகின்றன. அதனைப் படிப்போர் சிலரே.

இது பிறநாட்டார்க்கு மட்டும் நேர்வதன்று. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கையின் அரச மேகச் சேவை கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்குள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. சேவை விரைவில் மீட்கப்பட்டதெனினும், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய காப்புப் பிரதி இல்லாமையால் அக்காலத்து மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. பயன்பாட்டிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பாகும். அதற்கான உற்பத்தியாளரின் ஆதரவு 2023 ஏப்பிரலிலேயே முடிவுற்றிருந்தது. புதுப்பிக்கும் எண்ணம் முன்னரே இருந்தும் நிதித் தடைகளால் அது தாமதமுற்றதெனக் கூறப்பட்டது. ஈண்டு எவரையும் குற்றவாளியாக்குதல் எம் நோக்கமன்று. கடிதம் எழுதிய குடிமகன் ஒருவன் அக்கடிதத்தின் கதியை எவரிடம் வினவுவான் என்பதே எம் கவலை. அலுவலகத்தார் சேவையைச் சுட்டுவர். சேவையினர் நிதியைச் சுட்டுவர். பொறுப்பு பலரிடம் பகிரப்படும்போது ஒருவரிடமும் தங்காது கரைந்துவிடுகின்றது.

இவ்விடத்திற் கவுந்தியடிகளின் செயல் புதிய பொருள் தருகின்றது. கண்ணகி கவுந்தியின் உடைமையல்லள். அவரை நம்பி உடன் வந்தவள். அடைக்கலமாக வந்தவளையே அவர் அடைக்கலமாகக் கொடுத்தார். ஆலையாரின் நிலையும் அத்தகையதே. கணக்கேடு அவருடையதெனினும் அதிலுள்ள மூடைகள் விவசாயியின் உழைப்பு. மட்டக்களப்புக் கோயில்களில் வண்ணக்கர் கோயிற் சொத்தைப் பேணுவர், அச்சொத்து அவருடையதன்று. அங்ஙனமே பிறர் பதிவுகளைப் பேணும் ஒவ்வொருவரும் ஒரு வண்ணக்கரே. உடன்படிக்கை ஆலையார்க்கும் மேக நிறுவனத்திற்கும் இடையே எழுதப்படுகின்றது. கசங்கிய பற்றுச்சீட்டொன்றைத் தவிர வேறு சான்றில்லாத விவசாயியை எவரும் கேட்கவில்லை. இழப்போ இறுதியில் அவனையே சாரும். ஆதலின், அவனுக்குரிய பொறுப்பை அவனறியாது இருவர் தமக்குள் கைமாற்றிக்கொள்ளுதல் அறத்தின்பாற்பட்டதன்று.

இதற்கு ஒரு மறுப்பு எழும். நெல்லும் தவிடும் அறிந்த ஒருவர் மெய்நிகர்ப் பொறியின் நுட்பத்தை எவ்வாறு அறிவார்? அறியாததற்கு அவரைப் பொறுப்பாக்குதல் நீதியாகுமா? இம்மறுப்பு வலிமையுடையது. ஆயினும் அறம் அவரிடம் கேட்பது நுட்ப அறிவையன்று, வினவும் கடமையையே. என் பதிவுகள் எங்கே இருக்கின்றன? அவற்றின் பிரதி வேறோரிடத்தில் உண்டா? இன்று யாவும் அழிந்தால் எத்தனை நாளில் மீளும்? அவ்வாறு மீட்டுப் பார்த்தது எப்போது? இந்நான்கையும் வினவுவதற்குக் கணினிப் பட்டம் வேண்டுவதில்லை. மீட்டுப் பார்க்கப்படாத காப்புப் பிரதி வெறும் நம்பிக்கையே. நம்பிக்கையைப் பிறர் பொருளுக்குப் பிணையாக வைத்தல் தகாது. மறுதலையாக, நுட்பம் அறிந்தோர்க்குக் கடன் பெரிது. கேட்டதை மட்டும் செய்தேன் என்பது கூலிக்குரிய விடையாகலாம். அடைக்கலம் ஏற்றவர்க்குரிய விடையாகாது. கேட்கத் தெரியாதவர்க்குக் கேட்கவேண்டியதை எடுத்துரைத்தல் அறிந்தோர் கடன்.

எனவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகும். காக்கும் தொழில் கைமாறலாம். காக்கும் பொறுப்பு கைமாறுவதில்லை, பெருகுகின்றது. முன்பு ஒருவர் பொறுப்பாளியாயிருந்த இடத்தில் இப்போது இருவர் பொறுப்பாளிகள். பொறுப்பு அவர்க்கிடையே பாதிபாதியாகப் பிரிவதன்று, ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே நிற்பது. இன்று பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவருட் சிலர் நாளை ஒப்படைப்போராவர்; சிலர் ஏற்போராவர். எந்நிலையில் நிற்பினும், உடன்படிக்கையிற் பெயரில்லாத மூன்றாமவன் ஒருவன் படுவான்கரை வயலில் நின்று தம்மை நம்பியிருக்கின்றான் என்பதை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.